ஏற்காட்டு ஈரத்தில் புல்வெட்டும் மெஷினைக் கெடாமல் வைத்துக்கொள்வது

நாகலூர் போகிற வழியில் ஒரு பழைய பங்களாவின் புல்தரையை ஒன்பது வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, பாதி சமதளம், பாதி சரிவு, ஓரமெல்லாம் சில்வர் ஓக் மரங்கள். மெஷின் பெட்ரோலில் ஓடும், பின்னால் நடந்து தள்ளுகிற சாதாரண மோவர். அது கெட்டுப்போனால் ஜீப்பில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் "வெச்சுட்டுப் போங்க, பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரத்தில் மழைக்காலத்துப் புல் முழங்கால் வரை வந்துவிடும், அப்புறம் மெஷின் சரியாகி வந்தாலும் அந்தப் புல்லை அதால் வெட்ட முடியாது. அதனால் நானே கழற்றிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மலையில் வீடோ காட்டேஜோ வைத்திருக்கிறவர்களுக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்கிற என்னைப் போன்றவர்களுக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன்.

இந்த ஊரில் மோவர் ஓடித் தேய்ந்து கெடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் கையில் எடுத்துப் பார்த்த மெஷின்களில் பெரும்பாலானவை சும்மா நின்ற நாட்களில்தான் கெட்டிருந்தன. மூன்று மாதம் கொட்டகையில் கிடந்திருக்கும், மே மாதம் கோடை விழாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவசரமாக எடுத்துக் கயிறை இழுத்தால் அசையாது.

முதலில் பெட்ரோல்

இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. சின்ன எஞ்சின்களின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் 10 சதவீதம் வரை போடலாம் என்றுதான் இருக்கும். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஏற்காட்டில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை துவைத்த துணியே மூன்று நாளில் காயாது என்றால், மூடி லேசாகத் தளர்ந்த பெட்ரோல் டேங்க் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியில் இருந்துதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்ப்ரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளைப் பொடியும் பச்சைப் பாசி மாதிரி ஒரு படிவும் தெரியும், அது இதனால் வருவது.

சந்தேகம் இருந்தால் டேங்க் பெட்ரோலைக் கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். காலையில் நடுவே கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் எதற்கும் ஆகாது. அதில் புதிய பெட்ரோல் கலந்தாலும் பயனில்லை.

பங்கில் எத்தனாலை நாம் தவிர்க்க முடியாது, ஆனால் பெட்ரோலைச் சேர்த்துவைப்பதைத் தவிர்க்கலாம். நான் இரண்டு வாரத்துக்குத் தேவையானதற்கு மேல் வாங்குவதில்லை. இரும்புக் கேனில் வாங்கி, வாங்கின தேதியை மூடிமேல் மார்க்கரில் எழுதிவிடுகிறேன், ஒரு மாதம் தாண்டினால் அது மெஷினுக்குள் போகாது. வெட்டி முடித்த பிறகு பத்து நாளைக்கு மேல் வேலை இல்லை என்று தெரிந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், கார்ப்ரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே உங்கள் தொல்லையில் பாதி போய்விடும்.

எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. காபித் தோட்டத்தில் களை வெட்ட பிரஷ் கட்டர் எல்லாரிடமும் இருக்கிறது. அவற்றில் நிறைய டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், மாடலைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லியில் இருந்து 40 மில்லி வரை. மோவர் ஃபோர் ஸ்ட்ரோக், அதன் ஆயில் தனியாக அடியில் இருக்கிறது, டேங்கில் வெறும் பெட்ரோல் மட்டுமே போக வேண்டும். இரண்டு கேனையும் ஒரே மூலையில் வைத்தால் என்றைக்காவது மாறும். கலந்த பெட்ரோல் மோவருக்குப் போனால் புகையும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான், வடித்துவிட்டுச் சரிசெய்துவிடலாம். ஆனால் வெறும் பெட்ரோல் பிரஷ் கட்டருக்குப் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். நான் 2டி கேனுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, வேறு அறையில் வைத்திருக்கிறேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை

கயிறை இழுத்து இழுத்துக் கை வலிக்கும் முன்னால் ஐந்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சோக் போட்டிருக்கிறதா, கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய பிரேக் கம்பி முழுக்க அழுந்தியிருக்கிறதா. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் கரண்ட் துண்டிக்கப்பட்டே இருக்கும், நூறு முறை இழுத்தாலும் ஆகாது. பழைய மெஷினில் அந்தக் கம்பியின் கேபிள் தளர்ந்துபோய், கம்பியைப் பிடித்தாலும் பிரேக் விடாமல் இருப்பதும் உண்டு, அப்போது கயிறே கனமாக வரும்.

இவ்வளவும் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ஏழெட்டு முறை இழுத்த பிறகு கழற்றின பிளக்கே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பிளக் நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கிறது. சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே பத்து முறை கயிறை இழுங்கள், உள்ளே இருப்பது வெளியேறும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமல் முயன்று பாருங்கள். அப்பவும் ஆகவில்லை என்றால் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, மரை பகுதியை எஞ்சின் இரும்பில் படும்படி, பிளக் ஓட்டையில் இருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு (ஓட்டையில் இருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும், விளையாட்டு இல்லை) இன்னொருவரைப் பிரேக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கயிறை இழுக்கச் சொல்லுங்கள். பிளக்கை ரப்பர் மூடியோடு பிடியுங்கள், வெறும் கை வேண்டாம். நீலமாகப் பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிசாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ முதலில் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள், அதைவிட மலிவான சோதனை இல்லை. இடைவெளி பெரும்பாலான மோவர்களுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. வரை, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பிளக்கிலும் பொறி இல்லை என்றால் எஞ்சின் மூடியைக் கழற்றி ஒயரைப் பாருங்கள், எங்கள் கொட்டகையில் எலி இரண்டு முறை கடித்திருக்கிறது. காயிலுக்கும் (பொறிக்குக் கரண்ட் தருவது) ஃப்ளைவீலுக்கும் (எஞ்சின் தண்டின் மேல் சுற்றுகிற கனமான சக்கரம்) நடுவே துரு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அந்த இடைவெளி பல எஞ்சின்களில் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன்தான், கார்டையே நடுவில் வைத்துக் காயிலை முடுக்கிவிடலாம்.

பிளக் காய்ந்துபோய் இருந்தால் பெட்ரோல் மேலே வரவே இல்லை என்று அர்த்தம். ஒரு வேலை செய்யுங்கள், பிளக் ஓட்டையில் அரை டீஸ்பூன் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, கோளாறு கார்ப்ரேட்டரில்.

கார்ப்ரேட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. குழாயை மூடுங்கள், குழாய் இல்லாத மாடலில் ஹோஸைக் கிளிப் போட்டு நெரித்துவிடுங்கள். அடியில் ஒரு கிண்ணம் தொங்கும், அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட், கீழே ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். உள்ளே ஃப்ளோட் என்கிற மிதவை, அதில் தொங்குகிற சின்ன ஊசி, நடுவில் பெட்ரோல் போகிற நுண்ணிய ஓட்டையுள்ள ஜெட். சில மாடலில் ஜெட் ஓட்டை அந்த போல்ட்டிலேயே இருக்கும், சிலதில் நடுக்குழாய்க்குள் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் எடுக்கலாம். ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்ப்ரேட்டர் கிளீனர் அடித்து, பழைய ஒயரில் இருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடுங்கள். ஊசியோ ஊக்கோ வைத்துக் குத்தாதீர்கள், தலைமுடி அளவு ஓட்டை பெரிதானாலும் மெஷின் அதற்குப் பிறகு பெட்ரோல் குடிக்கும், புகையும். கிண்ணத்தைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி வீங்கியிருக்கும், அரைமணி நேரம் காற்றில் வைத்தால் கொஞ்சம் சுருங்கித் திரும்ப உட்காரும், உட்காராவிட்டால் புதிது போடுங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறது என்று ஒரு தொல்லை வரும். அப்படி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. புல் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், சோப்புத் தண்ணீரில் கழுவி ஊதினால் போதும். எஞ்சின் சுருதி ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடினால் பெட்ரோல் போதவில்லை, ஜெட் பாதி அடைப்பு அல்லது கார்ப்ரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கும் இடத்தில் கேஸ்கெட் வழியாகக் காற்று இழுக்கிறது. ஓடுகிறது ஆனால் திணறுகிறது, பலமே இல்லை என்றால் சைலன்சரையும் ஒரு பார்வை பாருங்கள், ரொம்ப நாள் நின்ற மெஷினில் குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

மலை உயரம் செய்கிற வேலை

சேலத்தில் நன்றாக ஓடின மெஷினை இங்கே கொண்டுவந்தால் திணறுகிறது என்று பலர் சொல்வார்கள். சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். காற்று இங்கே லேசு. பெட்ரோல் அதே அளவு போகும், காற்று குறைவாகப் போகும், அதனால் கலவை கெட்டியாகி பிளக்கில் கரி சேரும். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் எஞ்சின் பலம் ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும், அப்படிப் பார்த்தால் சேலத்தில் இருந்த பலத்தில் 14 சதவீதம் போல இங்கே இல்லை. இது கோளாறு இல்லை, புல்லைக் கொஞ்சம் உயரமாக வைத்து மெதுவாக நடந்தால் சமாளித்துவிடும். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே காற்று குறைவான இடத்தில் அழுக்கு ஃபில்டர் இன்னும் மூச்சை அடைக்கும். அப்படியும் பிளக் திரும்பத் திரும்பக் கறுத்தால், உயரமான இடத்துக்கென்று வருகிற சின்ன ஜெட் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அந்த ஜெட்டோடு மெஷினைத் திரும்பச் சேலத்தில் ஓட்டக் கூடாது, கீழே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகி வெந்துவிடும்.

பிளேடும் கல்லும்

சேர்வராயன் மலையின் கல்லைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் புல்லுக்கு அடியில் இருந்த கல், ஒரு மழை மண்ணை அரித்ததும் இந்த வருடம் இரண்டு விரல் மேலே நிற்கும். நாலு வருடத்துக்கு முன்னால் அக்டோபர் மழைக்குப் பிறகு முதல் நாள் வெட்டும்போது 'டங்'கென்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றது. பிளேடு பார்த்தேன், ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்யப் போனால் கயிறு கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் இழுத்தது, விரல் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. கீழே ஒரு கடைக்குக் கொண்டுபோனேன், கார்ப்ரேட்டர் போய்விட்டது என்று புதிது மாட்டினார்கள், அப்பவும் அதே உதை. கடைசியில் பம்ப்செட் வேலை பார்க்கிற ஒரு பெரியவர், "கல்லுல அடிச்சீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மேல்மூடியைக் கழற்றி ஃப்ளைவீலை எடுத்தார், அதையும் பிளேடைச் சுற்றுகிற எஞ்சின் தண்டையும் பூட்டி வைத்திருக்கிற சின்ன கீ பாதி அறுந்து ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. கீ நகர்ந்ததால் தீப்பொறி நேரம் தவறி வந்திருக்கிறது. இருபது ரூபாய்ச் சாமானுக்கு நான் கார்ப்ரேட்டர் விலை கொடுத்திருந்தேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கல்லில் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகாமல் கயிறு பின்னால் உதைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கீ. பல எஞ்சின்களில் அதை மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள், அடி விழுந்தால் அது அறுந்து தண்டைக் காப்பாற்றட்டும் என்று. லேத் பட்டறையில் இரும்பில் ஒன்று செதுக்கிப் போடாதீர்கள், அடுத்த கல்லுக்குத் தண்டே வளையும். ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டியும் எடுக்காதீர்கள், அதை இழுத்துக் கழற்றுவதற்கென்றே புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது.

தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினைச் சாய்த்து, ஒருவர் கயிறை மெல்ல இழுக்க, நீங்கள் தள்ளி நின்று பிளேடு போல்ட்டின் நடுவைப் பாருங்கள். நடு அசையாமல் சுற்ற வேண்டும். தள்ளாடினால் தண்டு வளைந்திருக்கிறது, அந்த மெஷினை ஓட்ட வேண்டாம்.

பிளேடு மழுங்கினதை மெஷினில் பார்க்க வேண்டியதில்லை, புல்லில் தெரியும். வெட்டின மறுநாள் நுனியெல்லாம் கிழிந்து வெளுத்துப் பழுப்பாக இருந்தால் பிளேடு வெட்டவில்லை, பிய்க்கிறது. பிளேடில் கை வைக்கும் முன்னால், எத்தனை முறை செய்திருந்தாலும், பிளக் ஒயரைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். ஒயர் மாட்டியிருக்கும்போது பிளேடைக் கையால் சுற்றுவது கயிறை இழுப்பதற்குச் சமம், எஞ்சின் பிடித்துக்கொண்டால் விரல் இருக்காது. மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர், கார்ப்ரேட்டர் இருக்கிற பக்கம் மேலே இருக்கட்டும். மறுபக்கம் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் போய், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை தோட்டத்தையே மூடும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், ஃபில்டரைக் கழுவி அல்லது மாற்றி, ஆயில் அளவு பார்த்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தெளிந்துவிடும்.

கழற்றும் முன் பிளேடின் கீழ்ப்பக்கத்தில் பெயின்டில் ஒரு பொட்டு வையுங்கள், தலைகீழாக மாட்டுகிற தப்பு அதோடு தீரும். மேல்நோக்கி வளைந்த இறக்கை மாதிரி பகுதி எப்பவும் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும், புல்லை நிமிர்த்தி இழுப்பது அதுதான். ஏற்கெனவே இருக்கிற சரிவை விட்டு விலகாமல் அரத்தால் தேயுங்கள். கிரைண்டர் வைத்தால் சூட்டில் இரும்பு நீலமாகாமல் இருக்க அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். கத்தி மாதிரி கூராக்க வேண்டாம், நம் ஊர்க் கல்லுக்கு அது ஒரு நாள் தாங்காது, வெண்ணெய் வெட்டுகிற கத்தி அளவு கூர் போதும். பிறகு சுவரில் ஒரு ஆணி அடித்து நடு ஓட்டையில் மாட்டித் தொங்கவிடுங்கள், ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சமமாக்குங்கள். இதை விட்டுவிட்டால் கை மரத்துப்போகிற அளவு அதிரும், போல்ட் எல்லாம் தளரும். வளைந்த பிளேடைத் தட்டி நிமிர்த்தி மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஆயிலும் ஃபில்டரும்

இது சுலபமான வேலை, அதனாலேயே எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலான மோவரில் ஆயில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, அந்தக் கொஞ்சம்தான் முழு எஞ்சினையும் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்னாலும் சமதளத்தில் நிறுத்தி அளவுக் குச்சியைப் பாருங்கள். கையேட்டில் எஸ்.ஏ.இ. 30 அல்லது 10டபிள்யூ-30 என்றிருக்கும், இரண்டாவது வகை ஸ்கூட்டருக்கு விற்பதால் எங்கேயும் கிடைக்கும். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முன்னே வருகிறதோ அப்போது மாற்றுகிறேன், எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து வரும். வடித்த ஆயில் பால் ஊற்றின காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பனிக்காலத்தில் இங்கே அது சகஜம், உடனே மாற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்தான், நீலப்புகை வரும்.

ஃபோம் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பிழிந்து, நன்றாகக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் விட்டுக் கசக்கி மாட்டுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டித் தூசி எடுக்கலாம், கறுத்துவிட்டால் புதிது.

ஓட்டும்போது

மழையில் நனைந்த புல்லை வெட்டாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் ஏற்காட்டில் அப்படிப் பார்த்தால் நாலு மாதம் வெட்டவே முடியாது. நான் மதியம் பன்னிரண்டுக்கு மேல், மேகம் கலைந்து ஒரு மணி நேரமாவது வெயில் பட்ட பிறகு எடுப்பேன், உயரத்தை ஒரு படி ஏற்றிவைத்து, ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல். சில்வர் ஓக் இலை விழுந்து கிடந்தால் முதலில் சீவிக் குவித்துவிடுங்கள், அந்த இலையும் ஈரப்புல்லும் சேர்ந்தால் மெஷின் அடியில் மெத்தை மாதிரி ஒட்டிக்கொள்ளும், கயிறு இழுக்க முடியாமல் போவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். வேலை முடிந்த கையோடு, பிளக் ஒயரை எடுத்துவிட்டு, ஒரு மரச்சட்டத்தால் சுரண்டிவிடுங்கள், காய்ந்த பிறகு இரும்புதான் வேண்டும்.

சரிவில் மேலும் கீழும் போகாமல் குறுக்கே நடங்கள். கால் வழுக்கினால் மெஷின் உங்கள் மேல் வரக் கூடாது, நீங்களும் அதன் அடியில் போகக் கூடாது. 15 டிகிரிக்கு மேல் சரிவு என்றால் மோவரே வேண்டாம், பிரஷ் கட்டர் எடுங்கள். பிரேக் கம்பியைக் கைப்பிடியோடு கயிறு போட்டுக் கட்டிவைக்கிற பழக்கத்தை நிறைய இடத்தில் பார்க்கிறேன், கை வலிக்கிறது என்று. தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பிளேடை நிறுத்த அது ஒன்றுதான் இருக்கிறது. செருப்போடு வேண்டாம், ஷூ போடுங்கள். வெட்டும் முன்னால் ஒரு சுற்று நடந்து கல் பொறுக்குங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள். பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சின் ஆறும்வரை பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு ஊற்றுங்கள்.

நீண்ட நாள் நிறுத்தும்போது

டேங்கை முழுக்க வடித்து, கார்ப்ரேட்டர் தீரும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையும் போல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு முறை மெல்லக் கயிறை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். பிறகு கயிறை இழுத்து, கனமாகத் தடுக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள், அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் பழைய ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு பலகை மேல் ஏற்றி, பழைய வேட்டியோ பருத்திப் போர்வையோ போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது உள்ளே வியர்த்து மெஷினை நனைத்துவிடும்.